கையெழுத்து எங்கே வைப்பது? மொழி புரியாத நாட்டில் ஒரு வங்கிக் கணக்கு

யாழ்ப்பாணத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் இறங்கும் ஒருவர் அந்த நாட்டு நூலகத்துக்குள் கால்வைக்காமலே ஒரு வாழ்நாளைக் கழித்துவிடலாம். வங்கியை மட்டும் தவிர்க்க முடியாது. சம்பளம் கணக்குக்குத்தான் வரும். வீட்டு வாடகை, மருத்துவக் காப்புறுதி, மின்சாரம், கைத்தொலைபேசி எல்லாம் கணக்கிலிருந்துதான் போகும். மொழி வகுப்பில் முதற்பாடம் முடிவதற்குள்ளேயே வங்கிப் படிவம் மேசைக்கு வந்துவிடும்.

அப்போது கூடப் போகிறவர் பெரும்பாலும் ஓர் உறவினர். மச்சான், ஒன்றுவிட்ட அண்ணன், இல்லாவிட்டால் ஊர்க்காரர். அவர் பேசுவார், வங்கி ஊழியர் கணினியில் பதிவார், புதிதாக வந்தவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார். தொலைபேசி இலக்கம் கேட்டால் உறவினரின் இலக்கம் கொடுக்கப்படும். முகவரி கேட்டால் அவருடைய வீட்டு முகவரி. கடவுச்சொல்லையும் அவரே போட்டு, அவரே நினைவில் வைத்துக்கொள்வார். இந்த ஏற்பாடு முதற் சில வாரங்களுக்குப் பெரிய உதவி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பல குடும்பங்களில் அது வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. மொழி தெரியாமல் வெளிநாட்டில் வங்கிக் கணக்கை நடத்த முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு, பெயர் என்னுடையதுதானே என்று நிம்மதியாக இருப்பதுதான் ஆபத்து.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். வெளிநாட்டுக் காசு யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் எழுதுவினைஞர்களாக இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய காசால் வளர்ந்த வாழ்வுக்கு ‘மணியோடர் பொருளாதாரம்’ என்று பெயரே வந்தது. ‘மலாயன் பென்சனியர்’ என்ற சொல் ஊருக்கு ஊர் வழங்கியது. அந்தத் தலைமுறைக்கு மொழித்தடை இருக்கவில்லை. மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்த ஆங்கிலம்தான் அங்கே அலுவலக மொழி. படிவத்தை நிரப்பத் தெரிந்ததால்தான் அவர்களுக்கு வேலையே கிடைத்தது.

1983க்குப் பின்னர் போனவர்களின் நிலை வேறு. ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து என்று அவர்கள் போய்ச் சேர்ந்த நாடுகளின் மொழி ஊரில் யாருக்கும் தெரியாது. ஆங்கில ஆசிரியராக இருந்தவர்கூட அங்கே படிவத்தின் முன் தடுமாறினார். முந்திப் போனவர் பிந்தி வந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார். அவர் சொன்னதே வங்கியின் சொல் ஆயிற்று.

அதற்கு முன்பே, ஊரிலேயே ஒரு பழக்கம் ஊறிப்போயிருந்தது. எங்கள் வங்கிகளில் காசு போடும் சீட்டும் எடுக்கும் சீட்டும் மூன்று மொழிகளில் இருக்கும். அதைத் தாண்டினால் பெரும்பாலும் ஆங்கிலந்தான். சேமிப்புப் புத்தகத்தில் பதிவாகும் வரிகள், நிலையான வைப்புப் பத்திரம், கைத்தொலைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி எல்லாம் அப்படி. ஆஸ்பத்திரி வீதியிலோ சுன்னாகத்திலோ நெல்லியடியிலோ ஒரு வங்கிக் கிளைக்குள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ‘அம்மா, இதில் ஒரு கையெழுத்து, இதில் ஒரு கையெழுத்து’ என்று ஊழியர் மரியாதையோடு விரலால் தொட்டுக் காட்டுவார், அம்மாவும் வைப்பார். பல இலட்சம் ரூபாய் வைப்பு அது. வட்டி வீதம் என்ன, முதிர்வுத் திகதி எப்போது, இடையில் எடுத்தால் எவ்வளவு குறையும் என்று அவர் கேட்பதில்லை. ஊழியர் தமிழில் பேசுகிறவர், கேட்டால் சொல்லியிருப்பார். கேட்காமல் கையெழுத்து வைக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

போகும் இடத்தில் உரிமை இல்லையா? இருக்கிறது, அதுவும் சட்டமாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் இயற்றிய நெறிமுறைப்படி, ஒன்றிய நாட்டில் சட்டபூர்வமாகத் தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படை வங்கிக் கணக்கு ஒன்று கிடைக்கவேண்டும். ஜேர்மனியில் இது 2016 ஜூன் முதல் ‘பாசிஸ்கோன்டோ’ என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது. புகலிடம் கோரியவருக்கும், நாடுகடத்தல் தற்காலிகமாக நிறுத்தப்பட்டவருக்கும் அது உண்டு. முழுமையான விண்ணப்பம் கிடைத்துப் பத்து வேலைநாட்களுக்குள் வங்கி முடிவைச் செயற்படுத்தவேண்டும். மறுக்கலாம் என்றால் எந்தக் காரணங்களுக்காக என்பதைச் சட்டமே எண்ணிச் சொல்கிறது. மொழி தெரியாமை அந்தப் பட்டியலில் இல்லை. மறுத்தால் நிதித்துறைக் கண்காணிப்பு நிறுவனமான பாஃபினிடம் முறையிடலாம். பிரான்ஸில் இந்த உரிமை 1984ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஒரு வங்கி மறுத்தால் பிரான்ஸ் மத்திய வங்கியிடம் போகலாம். அது வேறொரு வங்கியைக் குறித்துக் கொடுக்கும், அந்த வங்கி கணக்கைத் திறந்தே ஆகவேண்டும். சுவிஸில் அஞ்சல்துறை வழிவந்த போஸ்ட்ஃபினான்ஸுக்கு, நாட்டில் வதிபவர்களுக்குக் கொடுப்பனவுக் கணக்கு வழங்கும் பொறுப்பு இருக்கிறது. கனடாவில் வேலை இல்லாவிட்டாலும், போடக் காசு இல்லாவிட்டாலும், ஏற்கத்தக்க அடையாளம் இருந்தால் கணக்குத் திறக்கும் உரிமை உண்டு. இவற்றை அறிந்தவர் மறுப்பை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொண்டு திரும்ப மாட்டார்; எழுத்தில் தாருங்கள் என்பார்.

உரிமையைக் காட்டிலும் எங்களை அதிகம் அலைக்கழிப்பது பெயர். இதைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் வேறு எந்த நாட்டு வழிகாட்டி நூலிலும் எங்களுடைய சிக்கல் இருக்காது.

யாழ்ப்பாணத் தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். பள்ளிக்கூடத்திலும் ஊரிலும் தகப்பன் பெயர் ஒரு முதலெழுத்தாகச் சுருங்கிவிடும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் போய் உட்காரும். கலியாணம் முடித்த பெண் கணவனின் பெயரைத் தன் பெயரோடு எழுதுவார். அவருடைய குடும்பப் பெயர் கணவனின் சொந்தப் பெயராகிவிடும், கணவனின் குடும்பப் பெயரோ மாமனாரின் பெயர். பிள்ளைக்குத் தகப்பனின் பெயர். ஆக, கணவனுக்கு ஒரு குடும்பப் பெயர், மனைவிக்கும் பிள்ளைக்கும் வேறொன்று. வங்கி ஊழியர் மூன்று கடவுச்சீட்டுகளையும் மாறிமாறிப் பார்ப்பார். இவர்கள் ஒரே குடும்பம் என்பதை அவருக்கு எந்தத் தாளும் சொல்லாது.

எழுத்துக்கூட்டல் அதற்கு மேல். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது ‘சிவ’ என்ற தொடக்கத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதுவார். கடவுச்சீட்டில் அந்த எழுத்து இல்லை. ‘ழ’ ஒரு தாளில் ஒருவிதமாகவும் மற்றத் தாளில் வேறுவிதமாகவும் விழும். எங்களுக்கு இது கண்ணிலேயே படாது. வங்கியின் கணினிக்கு இரண்டும் இரண்டு மனிதர்கள். 2025 ஒக்டோபர் 9 முதல் யூரோ வலய வங்கிகள் காசு அனுப்பும் முன் பெறுநரின் பெயரும் கணக்கிலக்கமும் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்து அனுப்புகிறவருக்குச் சொல்லவேண்டும். வேலை கொடுப்பவர் ‘ரவி’ என்று அழைக்கிறார், கணக்கில் நாற்பது எழுத்து நீளத்துக்குப் பெயர் இருக்கிறது என்றால், திரையில் ‘பொருந்தவில்லை’ என்று எச்சரிக்கை வரும். பிரித்தானியாவிலும் இதுபோன்ற சரிபார்ப்பு 2020இலிருந்து இருக்கிறது.

ஜப்பானுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் இன்னொரு வடிவில் வரும். அங்கே உள்நாட்டுப் பணமாற்றுக்குப் பெயரைக் கதகனா எழுத்தில் எழுதவேண்டும். ‘தர்ஷன்’ என்பதை எந்த எழுத்துகளால் எழுதுவது என்று முதல்நாள் யாரோ ஒருவர் முடிவு செய்துவிடுவார். அதே எழுத்துகளைத்தான் பகுதிநேர வேலைத்தலத்திலும் கொடுக்கவேண்டும். ஓர் எழுத்து மாறினால் சம்பளம் திரும்பிப் போகும்.

ஊரில் இருக்கும்போதே செய்யக்கூடிய வேலை இது. கடவுச்சீட்டு எடுக்கும் முன் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரே மேசையில் பரப்பிப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டின் பிரதியைக் கொடுத்து, இதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள் என்று சொல்லுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் முடித்த சத்தியக் கடதாசி ஒன்று கையில் இருந்தால் நல்லது; எல்லா வங்கியும் அதை ஏற்கும் என்று சொல்ல முடியாது, ஆனால் விளக்கம் சொல்ல ஒரு தாள் இருக்கும். வங்கியில் பெயர் பதியும்போது கடவுச்சீட்டில் உள்ள முழுப் பெயரையும் அதே ஒழுங்கில் பதியச் செய்து, அதையே வேலைத்தலத்துக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் கொடுங்கள்.

இனி மொழி. வங்கியில் பேசப்படும் மொழி ஒரு நாட்டின் முழு மொழி அல்ல. பக்கத்து வீட்டுக்காரரோடு கால்மணி நேரம் கதைப்பதற்குத் தேவையான மொழியைவிட அது மிகச் சிறியது, திரும்பத் திரும்ப வருவது, எழுத்தில் இருப்பது. புதிதாக வந்தவர் எட்டிப் பிடிக்கக்கூடிய மொழி என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஜேர்மனியில் பணமாற்றுப் படிவம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். காசு பெறுகிறவரின் பெயர், அவருடைய ஐபான், தொகை, எதற்காக என்ற குறிப்பு, அனுப்புகிறவரின் பெயர், அவருடைய ஐபான், திகதி, கையெழுத்து. அவ்வளவுதான். பிரான்ஸிலும் இத்தாலியிலும் சொல் மாறும், பெட்டிகள் மாறாது. ஐபான் என்பது சர்வதேசக் கணக்கிலக்கம்: முதலில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, அடுத்துச் சரிபார்ப்புக்காக இரண்டு இலக்கம், பிறகு வங்கியும் கணக்கும். ஜேர்மனியில் மொத்தம் 22, பிரான்ஸில் 27, சுவிஸில் 21, நோர்வேயில் 15. அந்தச் சரிபார்ப்பு இலக்கங்கள் ஒரு கணிதக் கணக்கிலிருந்து வருபவை. இடையில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் இயந்திரம் அதை ஏற்காது. மொழி தெரியாதவருக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆனால் தொகை எழுதும் பெட்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நாங்கள் 1,250.00 என்று எழுதுவதை ஜேர்மனியில் 1.250,00 என்று எழுதுவார்கள். புள்ளி ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளி சதத்தைப் பிரிக்கும். சுவிஸில் ஆயிரத்துக்கு மேற்கோள்குறி போன்ற ஒரு கீறல் வரும். கையால் எழுதும்போது அங்கே ‘1’க்கு நீண்ட மூக்கு இருக்கும், எங்கள் கண்ணுக்கு அது ‘7’. அவர்களுடைய ‘7’க்கு நடுவில் குறுக்குக்கோடு உண்டு. கையால் எழுதித் தந்த கணக்கிலக்கத்தைப் பிரதி செய்யும்போது இந்த இரண்டையும் பார்க்கவேண்டும்.

சொற்களில் ஐந்தாறு போதும். ‘ஊபர்வைசுங்’ என்றால் நாமே அனுப்பும் காசு. ‘டவர்ஆவுஃப்ட்ராக்’ என்றால் மாதாமாதம் தானாகப் போகும்படி நாமே இட்ட கட்டளை, வாடகைக்கு உகந்தது. ‘லாஸ்ட்ஷ்ரிஃப்ட்’ வேறு: எதிர்த்தரப்பு எங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி. பிரெஞ்சில் அனுப்புவதற்கு ‘விர்மான்’, எடுத்துக்கொள்வதற்கு ‘பிரெலெவ்மான்’. தொலைபேசி ஒப்பந்தத்தில், உடற்பயிற்சி நிலையத்தில், காப்புறுதியில் கையெழுத்து வைக்கும்போது எங்கள் ஆட்கள் கொடுப்பது பெரும்பாலும் இந்த அனுமதியைத்தான். கொடுத்தோம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. கணக்கில் காசு குறைந்த பிறகு யாரோ திருடிவிட்டார்கள் என்று பதறுகிறார்கள். யூரோ வலயத்தின் பொது விதிப்படி இப்படி எடுக்கப்பட்ட தொகையை எட்டு வாரங்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் திருப்பி எடுக்கலாம். அனுமதியே கொடுக்கவில்லை என்றால் 13 மாதம் வரை அவகாசம் உண்டு. இந்த எட்டு வாரத்தைத் தெரிந்துகொண்ட ஒருவர் மாத முடிவில் கணக்குக்கூற்றை வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

சில நாடுகள் இன்னும் எளிமையாக்கியிருக்கின்றன. சுவிஸில் பழைய செம்மஞ்சள், சிவப்புக் கட்டணச் சீட்டுகள் 2022 செப்டெம்பர் முடிவோடு வழக்கொழிந்தன. இப்போது எல்லாச் சீட்டிலும் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது. கைத்தொலைபேசியால் படம்பிடித்தால் பெயர், இலக்கம், தொகை எல்லாம் தாமாகவே நிரம்பும். தொகையைச் சரிபார்ப்பதுதான் எங்கள் வேலை. நோர்வேயில் பில்லில் ‘கிட்’ என்ற இலக்கம் இருக்கும். அதைச் சரியாகப் பதிந்தால் யார், எதற்காகக் கட்டினார் என்று எழுத வேண்டியதே இல்லை.

படிவத்தைவிடக் கடினம் கடிதம். அதைத் திறக்காமல் மேசை லாச்சிக்குள் போடுகிற வீடுகள் எங்களிடையே நிறைய. புரியாத தாள் என்றால் பிறகு யாராவது வரும்போது காட்டலாம் என்று வைப்பது இயல்பு. ஆனால் வங்கிக் கடிதத்துக்குள் ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். ஜேர்மன் கடிதத்தில் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும்; அதுதான் விடயம். அதில் ‘மானுங்’ என்ற சொல் இருந்தால் கட்டாத காசுக்கான நினைவூட்டல். ‘குண்டிகுங்’ இருந்தால் ஏதோ ஒன்று நிறுத்தப்படுகிறது, கணக்காகவும் இருக்கலாம். கீழே ‘பிஸ் சும்’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின் ஒரு திகதி வந்தால் அந்தத் திகதிக்குள் பதில் போகவேண்டும். முழுக் கடிதமும் விளங்கத் தேவையில்லை. விடயமும் கெடுவும் விளங்கினால், யாரிடம் எப்போது கொண்டு போகவேண்டும் என்பது தெரியும்.

எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி வரும் ஒரு கடிதத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். புலம்பெயர்ந்த தமிழர் மத்தியில் சீட்டுப் பிடிப்பது வழமை. இருபது பேர் மாதம் ஐந்நூறு யூரோ கட்டும் சீட்டை எடுப்பவருக்குக் கழிவு போக எண்ணாயிரம், ஒன்பதாயிரம் யூரோ காசாகக் கையில் வரும். அதைக் கணக்கில் போடுவார். கோயில் திருவிழாக் காசு, கலியாண வீட்டில் வந்த அன்பளிப்பு, கடையில் பகுதிநேர வேலைக்குக் கிடைத்த காசு என்று மற்றவையும் சேரும். காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டிய கடமை வங்கிக்கு உண்டு. ஜேர்மனியில் 2021 ஓகஸ்ட் முதல் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் காசாகப் போட்டால் மூலத்துக்கு ஆதாரம் காட்டியே ஆகவேண்டும். அதற்குக் குறைவான தொகை திரும்பத் திரும்ப வந்தாலும் கேள்வி வரும். அந்தக் கேள்வி கடிதமாக வருகிறது. கடிதம் லாச்சிக்குள் போகிறது. பதில் இல்லை. வங்கி கணக்கை முடக்குகிறது, பிறகு மூடுகிறது. பார்க்கிறவருக்குத் தமிழன் என்பதால் மூடிவிட்டார்கள் என்று தோன்றும். பாகுபாடு இல்லவே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் பதில் எழுதாத கடிதம் ஒன்று இருந்தால் அந்தப் பாகுபாட்டை நிரூபிக்கும் வழியும் அடைபட்டுவிடுகிறது. சீட்டுக்காரர்கள் கட்டிய திகதி, தொகை, எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கவேண்டும். காசாகக் கொடுக்காமல் கணக்குக்குக் கணக்கு அனுப்பவேண்டும். கேள்வி வந்தால் சொல்ல உண்மையான ஒரு பதில் இருக்கும்.

இந்தக் கடிதங்களை வீட்டில் வாசிப்பது யார்? பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகப்பையைக் கழற்றும் முன்பே, ‘இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லு’ என்று கடிதம் நீட்டப்படுகிறது. பிள்ளைக்கு அந்த நாட்டு மொழி சரளம். கடன், வட்டி, தவணை என்பவை தெரியாது. அப்பாவுக்கு எவ்வளவு கடன் என்பது தெரிந்துவிடுகிறது, அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. இது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விடயம். வெளியில் உதவி இல்லையென்றால்கூடச் சகித்துக்கொள்ளலாம், உதவி இருக்கிறது. ஜேர்மனியில் காரிதாஸ், டியாகோனி போன்ற அமைப்புகள் குடியேறியவர்களுக்கு இலவச ஆலோசனை நடத்துகின்றன, கடன் ஆலோசனைக்குத் தனி நிலையங்களும் இருக்கின்றன. காரிதாஸ் எங்களுக்கு அந்நியமான பெயரும் அல்ல. யாழ்ப்பாணத்தில் கியூடெக் என்று நாங்கள் அறிந்தது அதைத்தான். கைத்தொலைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியும் ஒரு கடிதத்தின் விடயத்தையும் கெடுவையும் காட்டப் போதும். கணக்கிலக்கத்தையும் முகவரியையும் கையால் மறைத்துவிட்டுப் படம்பிடிக்கவேண்டும்.

கலியாணம் முடித்துப் போகும் பெண்களைப் பற்றி இங்கே சொல்லாமல் விட முடியாது. கணவன் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்கில் மனைவியின் பெயரையும் சேர்ப்பார்கள். காட்டிய இடத்தில் மனைவி கையெழுத்து வைப்பார். ஜேர்மனியில் ‘ஓடர்கோன்டோ’ எனப்படும் கூட்டுக் கணக்கில் இருவரில் எவரும் தனியே காசு எடுக்கலாம். கணக்கு மிகைப்பற்றில், அதாவது இருப்பைத் தாண்டிக் கடனில், போனால் முழுக் கடனுக்கும் இருவரும் பொறுப்பு. கணவன் எடுத்ததை மனைவியிடமும் முழுதாகக் கேட்கலாம். இதை யாரும் அவருக்குத் தமிழில் சொல்லியிருக்க மாட்டார்கள். கூட்டுக் கணக்கு வேண்டாம் என்பதல்ல; அதோடு கூட, தன் சம்பளம் வரும் தனிக் கணக்கு ஒன்று, தன் கைத்தொலைபேசியில் தன் கடவுச்சொல்லோடு அவருக்கு இருக்கவேண்டும். தாய்தகப்பன் சீதனத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் மகளுக்கு மெய்யான பாதுகாப்பு.

மாணவர்களுக்கு வேறொரு பொறி. லண்டனுக்குப் படிக்கப் போன பிள்ளையிடம் தமிழில் பேசுகிற ஒருவர் வருவார். ‘தம்பி, உமது கணக்குக்கு ஒரு தொகை வரும், நூறு பவுண்ஸை நீர் வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துத் தாரும்’ என்பார். அவர் தமிழ் பேசுவதுதான் நம்பிக்கையின் காரணம். வருவது பெரும்பாலும் திருடப்பட்ட காசு. பிரித்தானியாவில் இதற்காகக் கணக்கு மூடப்பட்டால் மோசடித் தடுப்புத் தரவுத்தளமான சிஃபாஸில் பெயர் ஆறு வருடம் இருக்கும். அந்த ஆறு வருடமும் வேறு வங்கிகளில் கணக்குத் திறப்பது, கைத்தொலைபேசி ஒப்பந்தம் எடுப்பது எல்லாம் கடினம். ஜப்பானில் நாடு திரும்பும்போது வங்கி அட்டையை விற்றுவிட்டு வருவது தண்டனைக்குரிய குற்றம். போகும்முன் கணக்கை முறைப்படி மூடவேண்டும்.

ஊருக்குக் காசு அனுப்புவதில் உண்டியலை, அதாவது வங்கிக்கு வெளியே தனியாட்கள் மூலம் காசு அனுப்பும் முறையை, வங்கியால் ஏன் வெல்ல முடியவில்லை என்று கேட்டால், நாணய மாற்று வீதம் மட்டும் காரணம் அல்ல. உண்டியல்காரர் தமிழில் பேசுகிறார், படிவம் கேட்பதில்லை, காசு மாலைக்குள் வீட்டுக்கோ கணக்குக்கோ போய்விடும். 2022 மார்ச்சில் ரூபாய் மிதக்கவிடப்படும் முன் வங்கி வீதத்துக்கும் வெளிச்சந்தை வீதத்துக்கும் இடைவெளி விரிந்திருந்த காலத்தில் அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள் ஏராளம். 2020இல் ஏறத்தாழ 7.1 பில்லியன் டொலராக இருந்த இலங்கைக்கான தொழிலாளர் பணவனுப்பல் 2022இல் 3.8 பில்லியனுக்கு இறங்கியது. ஆனால் உண்டியல் வழியில் யாருடைய காசு யாருடைய கணக்குக்குள் வருகிறது என்பது தெரியாது. அம்மாவின் கணக்கில் முன்பின் தெரியாத ஒருவர் போட்ட காசுக்கு நாளை விளக்கம் கேட்டால் அம்மாவிடம் பதில் இல்லை.

வங்கி வழியில் அனுப்ப மொழி அதிகம் தேவையில்லை. சரியான தகவல் தேவை. இலங்கை ஐபான் முறையில் இல்லை. அதனால் வெளிநாட்டுப் படிவத்தில் அந்தப் பெட்டியைக் கண்டு மயங்கவேண்டாம். கணக்கிலக்கம், வங்கி, கிளை, வங்கியின் சுவிஃப்ட் குறியீடு ஆகியவை போதும். அந்தக் குறியீடு எட்டு அல்லது பதினொரு எழுத்து. ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டைக் குறிப்பவை, இலங்கை என்றால் எல்.கே. அம்மாவின் பெயர் ஊர் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகளோடு இருந்தால் வெளிநாட்டுப் படிவத்திலும் அப்படியே எழுதவேண்டும். புத்தகத்தின் முதற்பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருப்பது எந்த மொழிபெயர்ப்பையும்விட மேல்.

கடைசியாக ஊரிலேயே செய்யக்கூடிய ஒன்று. ஜேர்மனியில் இருக்கும் வாழ்க்கைத்துணையிடம் போக 2007 முதல் அடிப்படை மொழியறிவுச் சான்று பெரும்பாலானோருக்குக் கட்டாயம். அதனால் யாழ்ப்பாணத்தில் ஜேர்மன் ‘ஏ1’ வகுப்புகளுக்குக் குறைவில்லை. அங்கே வணக்கம் சொல்லவும் தக்காளி வாங்கவும் நேரம் கேட்கவும் படிப்பிக்கிறார்கள். பரீட்சைக்கு அவை வேண்டும். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்: ஒரு மாலை வகுப்பை வங்கிக்கு ஒதுக்குங்கள். பணமாற்றுப் படிவம் ஒன்றைப் பிரதி எடுத்து எல்லோரையும் நிரப்பச் செய்யுங்கள். நினைவூட்டல் கடிதம் ஒன்றில் விடயத்தையும் கெடுவையும் மட்டும் தேடி அடிக்கோடிடச் செய்யுங்கள். இலக்கங்களைக் கேட்கவும் பழக்குங்கள். ஜேர்மன்காரர் 21ஐ ‘ஒன்றும் இருபதும்’ என்ற ஒழுங்கில் சொல்வார். தொலைபேசியில் கணக்கிலக்கத்தை இரண்டிரண்டாகச் சொன்னால் எங்கள் பிள்ளை 12 என்று எழுதிவிடும். ‘தயவுசெய்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள்’ என்பதற்கு அங்கே ‘பிற்ற சிஃபர் ஃபூர் சிஃபர்’ என்றால் போதும்.